ஐசக் தீசனின் வால் முளைத்த கார்

ஐசக் தீசன் எந்த வண்டியையும் ஒரு முறை சுற்றிவந்து பார்க்காமல் கிளப்பியதில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் எங்கள் வட்டார நிர்வாகத்தின் கிரேடர் வண்டியை ஓட்டியவர் அவர். கோடையில் மண்சாலைகளைச் சமன் செய்வதும் குளிர்காலத்தில் பனியை வழித்து ஓரம் தள்ளுவதும் அவருடைய வேலை. வேலையில் சேர்ந்த முதல் நாள் மேலாளர் சொல்லிக்கொடுத்த அந்தச் சுற்று, ஓய்வுபெற்ற பின்பும் அவரை விடவில்லை. ஓட்டுநர் கதவில் தொடங்கும். பின்சக்கரம், பின்விளக்கு, வலப்பக்கச் சக்கரங்கள் என்று நகர்ந்து, வண்டியின் முன்முகத்தில் முடியும். திருமணம் முடிந்து தேவாலய வாசலுக்கு வந்தபோது, மணப்பெண் வெர்னாவைப் படியில் நிறுத்திவிட்டு அவர் காரைச் சுற்றிவந்ததை ஊரில் இன்னமும் சிலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். வெர்னா அதைப் பற்றி யாரும் கேட்காமலே சொல்லுவாள்.

எங்கள் ஊரான கிண்டர்ஸ்லியில் குளிர்காலத்துக்கு ஐந்து மாத ஆயுள். காரின் மூக்குக்குக் கீழே தொங்கும் பிளக்கை ஒரு நீளமான ஆரஞ்சுநிறக் கம்பியால் வீட்டு மின்சாரத்தோடு இணைத்து, ராத்திரி முழுவதும் இன்ஜினைச் சூடாக வைத்திருந்தால்தான் காலையில் அது உயிர்பெறும். காலையில் அந்தக் கம்பியைக் கழற்றாமல் காரைக் கிளப்பிவிடுவதுதான் எங்கள் ஊரில் ஒரு மனிதனுக்கு நேரக்கூடிய தலைசிறந்த அவமானம். அப்படிப் பிய்ந்துபோன பிளக்கை, மேரிசெல் நடத்தும் காபிக்கடையின் சுவரில், பெயர் எழுதி ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். அந்தச் சுவரில் அன்றைக்கு நாற்பத்தொரு பிளக்குகள் இருந்தன. அவற்றில் ஒன்பது, தானியக் கிடங்கில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ரூடி பென்னருடையவை. ஐசக்கின் பெயரில் ஒன்றுகூட இல்லை. தினமும் காலையில் காபி குடிக்கக் கூடும் ஆறு கிழவர்களுக்கும் இந்த விவரம் தெரியும். தெரியாதவர்களுக்கு ஐசக்கே தெரிவித்துவிடுவார்.

பிப்ரவரியில் குடும்ப நாள் விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமையும் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"ரூடி, ஒம்போது ஆச்சு. பத்தாவது மாட்டுற அன்னிக்கு மேரிசெல் கேக் வெட்டப்போறாளாம். தேதிய முன்னாடியே சொல்லிடு, நல்ல சட்டையா போட்டுட்டு வரேன்."

"சிரிடா, சிரி," என்றார் ரூடி. "நான் காரைத்தான் மறக்கறேன். கேல்கரியில ஒரு ரெண்டரை வயசுக்காரி உன் மூஞ்சியப் பார்த்தாலே கூரை பறக்கற மாதிரி கத்தறாளாமே? மொதல்ல போய் அதைச் சரிபண்ணு."

ஐசக் காபியைக் கீழே வைத்தார்.

ரூடி சொன்னது உண்மை. ஐசக்கின் மகள் ஜிலியன், கணவன் டார்சியோடும் மகள் ஹேசலோடும் கேல்கரியில் இருக்கிறாள். அக்டோபரில் நன்றி நாள் விருந்துக்குப் போயிருந்தபோது, ஐசக் வாசற்படியில் நின்று, "எங்க என் தங்கம்?" என்று ஒரு குரல் கொடுத்தார். கிரேடர் இன்ஜினுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல் அது. எங்கள் ஊரில் அவர் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டில் பதில் வரும். போதாததற்கு மார்பு வரை இறங்கிய தாடி. ஹேசல் ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவள் போட்ட கூச்சலில் அடுப்படியில் இருந்த டார்சி வான்கோழியைத் தட்டோடு கீழே போட்டான். மூன்று நாளும் இதே கதை. விருந்தின்போது ஐசக்கை மேசையின் கடைசியில் உட்காரவைத்து, முன்னால் ஒரு பூச்சாடியை வைத்து மறைத்தார்கள். தன் பேத்தியை அவர் சாமந்திப் பூக்களின் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்.

இப்போது அதில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. ஜூலையில் ஹேசலின் குழந்தைக் காப்பகம் மூன்று வாரம் மூடிவிடும். அந்த மூன்று வாரமும் அவளைக் கிண்டர்ஸ்லிக்கு அழைத்துவந்து வைத்துக்கொள்ளலாமே என்று வெர்னா கேட்டிருந்தாள். ஜிலியன் உடனே சரி என்று சொல்லவில்லை. "பிப்ரவரியில வாங்கம்மா. அப்பாகிட்ட போறாளான்னு பார்த்துட்டுச் சொல்றேன். அவரைப் பார்த்தாலே கத்தறவளை அந்த வீட்டுல எப்படி விடறது?" என்றாள். நியாயமான கேள்வி. ஐசக் அதற்கு ஒரு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தார்.

தயாரானது எப்படியென்றால், நிலவறையில் தண்ணீர் சூடேற்றும் கொப்பரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, செய்தித்தாளில் வந்த கோதுமை விலைகளை மெல்லிய குரலில் வாசித்துப் பழகினார்.

"யாரோ மூச்சுத் திணறிக் கிடக்காங்கன்னு பயந்தே போயிட்டேன்," என்றாள் வெர்னா, நிலவறைப் படியில் நின்று. "குரல் கெடக்கட்டும் ஐசக். தாடியை எடு. அதுதான் குழந்தையைப் பயமுறுத்துது."

"உன்னைக் கட்டிக்கும்போதே இந்தத் தாடி இருந்தது."

"அதனாலதான் சொல்றேன். எனக்கே பழக நாளாச்சு."

சனிக்கிழமை காலை வெளியே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு. வெர்னா பின்னிருக்கையில் சாமான்களை அடுக்கினாள்: பண்ணைத் தொத்திறைச்சி இரண்டு வளையம், பாலாடைக்கட்டி அடைத்த வெரனிக்கிக் கொழுக்கட்டைகள் நான்கு டஜன், ஒன்றின் தலையில் ஒன்று உட்கார்ந்திருக்கும் ட்ஸ்வீபாக் பன்கள் ஒரு பை நிறைய. ஐசக் தன் சுற்றைத் தொடங்கினார். ஓட்டுநர் கதவு சரி. பின்சக்கரம் சரி. பின்விளக்கு, அதன் மேல் படிந்த உறைபனி சுரண்டியாயிற்று. வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் சரி. காரின் முன்முகத்துக்கு ஓர் அடி பாக்கியிருக்கும்போது அவருடைய சட்டைப்பைக்குள் கைப்பேசி அடித்தது.

திரையில் ஜிலியன். அவளுடைய தோளுக்குப் பின்னால் ஒரு நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன.

"அப்பா, கிளம்பிட்டியா? இங்க ஒருத்தி பார்க்கணுங்கறா."

ஐசக் மூச்சை இழுத்துப் பிடித்து, கோதுமை விலைக் குரலை எடுத்தார். "ஹேசல் கண்ணு... ஓப்பா வரேன்... சரியா..."

ஓப்பா என்பது எங்கள் மென்னனைட் கிறிஸ்தவ வீடுகளில் தாத்தாவைக் கூப்பிடும் பெயர். அந்தக் கண் ஒரு நொடி அவரை உற்றுப் பார்த்தது. பிறகு தோளுக்குப் பின்னால் மறைந்தது. ஆனால் கூச்சல் இல்லை! ஐசக் கைப்பேசியைப் பைக்குள் போட்டார். முகம் முழுக்கச் சிரிப்போடு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"கத்தல, பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன், பார்த்தேன். வண்டியை எடு," என்றாள் வெர்னா.

வண்டியை எடுத்தார்.

சாலை வெறிச்சென்று நேராகக் கிடந்தது. பத்து நிமிடத்தில் பின்னால் வந்த ஒரு டிரக் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. தாண்டிப் போகும்போது ஒரு நீண்ட ஹார்னும் அடித்தது. ஐசக் எங்கள் பக்கத்து முறைப்படி, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொன்னார். சற்று நேரத்தில் இன்னொரு கார். அதிலிருந்த பெண்மணி கையைப் பின்பக்கமாகக் காட்டி ஏதோ சொன்னாள். ஐசக் அவளுக்கும் ஒரு விரல் உயர்த்தினார்.

"என்ன, இன்னிக்கு எல்லாரும் இவ்வளவு பிரியமா இருக்காங்க?" என்றார்.

"பிரியமாவது! நீ ஊர்ற வேகத்தைப் பார்த்துத் திட்டறாங்க," என்றாள் வெர்னா. "உனக்கு முன்னாடி என்ன பனியா கெடக்கு வழிக்கறதுக்கு? மிதி."

அல்பெர்ட்டா எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். அப்படி இலவசமாகக் கிடைத்த நேரத்தை என்ன செய்வது என்று இருவரும் ஹானா ஊர் வரை வாதாடினார்கள். ஹானாவில் வெர்னா கழிப்பறைக்குப் போனாள். அந்தக் குளிரில் இன்ஜினை நிறுத்தக்கூடாது என்பதால் ஐசக் இறங்கவே இல்லை. புறப்படும் நாளில் இலக்கை அடையும்வரை காபி குடிப்பதில்லை என்பது அவர் கிரேடர் ஓட்டிய காலத்திலிருந்து காக்கும் ஒழுக்கம். அந்த ஒழுக்கம் மட்டும் அன்று சற்றுத் தளர்ந்திருந்தால், இறங்கியிருப்பார், பின்பக்கம் வந்திருப்பார், பார்த்திருப்பார். இந்தக் கதைக்கும் வேலை இருந்திருக்காது.

கேல்கரியை நெருங்கியபோது மேற்கிலிருந்து சினூக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. மலைகளைத் தாண்டி வரும் அந்த வெப்பக்காற்று நகரத்தின் பனியை ஒரே நாளில் தண்ணீராக்கிவிடும். ஜிலியனின் வீட்டுக்கு முன்னால் சாலையோரத்தில் கார் நின்றபோது வெளியே குளிர்காலம் என்பதே நம்பும்படியாக இல்லை. ஜிலியன் வீட்டுக் காருக்கு வீட்டோடு ஒட்டிய கதகதப்பான கொட்டகை உண்டு. விருந்தாளிகளின் கார்களுக்குத்தான் தெரு. ஜிலியன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வந்தவள் காரின் பின்பக்கம் பார்த்தாள், அப்படியே நின்றாள், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"அப்பா... ஊர்லேருந்து... அதை இழுத்துக்கிட்டேவா வந்த?"

ஐசக் இறங்கிப் பின்னால் நடந்தார். காரின் மூக்கில் தொடங்கி, வயிற்றுக்கடியில் முழு நீளமும் ஓடி, பின்பக்கம் ஆறடி வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது ஆரஞ்சுக் கம்பி. நானூறு கிலோமீட்டர் தேய்ந்ததில் நுனியில் இருந்த பிளக் காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் செப்பு இழைகள் பிரிந்து குஞ்சம் கட்டியதுபோல் நின்றன.

ஜிலியனின் இடுப்பிலிருந்த குழந்தை விரலை நீட்டியது.

"காருக்கு வால்!" என்றாள் ஹேசல்.

அடுத்த கணம் அவள் தாடியைப் பார்த்தாள். முகத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

ஐசக் குனிந்து கம்பியைக் காரின் மூக்கிலிருந்து பிடுங்கப் பார்த்தார். வழியெல்லாம் தெறித்த சேறு இணைப்பின்மேல் உறைந்து கல்லாகியிருந்தது. டார்சி வந்து முயன்றான், அவனாலும் முடியவில்லை.

"விடுங்க, நாளைக்குள்ள காத்துல தானா உருகிடும்," என்றான்.

"போட்டோ எடுக்காத," என்றார் ஐசக்.

"எடுத்தாச்சு," என்றாள் ஜிலியன்.

"ரூடிக்கு அனுப்பாத. வெர்னா, நீயும் சத்தியம் பண்ணு."

"நாப்பத்தொரு பிளக்குக்கும் நீ என்ன பேச்சு பேசின?" என்றாள் வெர்னா. ஆனாலும் சத்தியம் செய்தாள்.

அன்று மாலை முழுவதும் கோதுமை விலைக் குரல் வேலை செய்யவில்லை. ஐசக் கூடத்துக்குள் வந்தால் ஹேசல் சோபாவுக்குப் பின்னால் போனாள். கூச்சல் இல்லை என்பது முன்னேற்றம்தான், ஆனால் சோபாவுக்குப் பின்னாலிருந்து திரும்பத் திரும்ப ஒரே சொல் வந்தது: "போ." அவர் வாங்கிவந்த மஞ்சள்நிற பொம்மை கிரேடரை, அவர் அறையைவிட்டு வெளியேறிய பிறகே எடுத்து விளையாடினாள். சாப்பாட்டின்போது ஏழு வெரனிக்கி தின்றாள், ஏழையும் மேசைக்கடியில் உட்கார்ந்து. பூச்சாடி இந்த முறை இல்லை. அதற்குப் பதில் ஐசக்குக்கு முன்னால் தானிய மாவுப் பெட்டி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள்.

ஜூலையைப் பற்றி ஜிலியன் எதுவும் பேசவில்லை. தட்டுகளைக் கழுவும்போது வெர்னாதான் மெதுவாகத் தொடங்கினாள்.

"இன்னும் ஒருநாள் இருக்கே..."

"இருக்கும்மா," என்றாள் ஜிலியன். "ஆனா நான் காப்பகத்துல விசாரிச்சு வெச்சிருக்கேன். பக்கத்துத் தெருவுல இன்னொண்ணு ஜூலையிலயும் தெறந்திருக்காம்."

கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்த ஐசக்கின் காதில் இது விழுந்தது. அவர் தாளை மடித்துவைத்தார். தாடியை ஒரு முறை உச்சியிலிருந்து நுனி வரை நீவிக்கொண்டார்.

ஞாயிறு காலை, மற்றவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். டார்சியின் சவரக்கத்தியையும் தையல் பெட்டியிலிருந்து ஒரு கத்தரிக்கோலையும் எடுத்துவைத்துக்கொண்டார். இருபத்தாறு வயதில், ஒரு குளிர்காலத்து முழுப் பனியையும் சவரம் செய்யாமலே வழித்துக் காட்டுவதாக நண்பர்களிடம் சவால் விட்டு வளர்த்த தாடி. சவாலில் ஜெயித்தபின் எடுக்க மறந்து, நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. அதற்குக் கீழே எப்படிப்பட்ட தாடை இருக்கிறது என்பதை அவரே மறந்திருந்தார். கண்ணாடியைப் பார்த்து இடப்பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டினார். ஒரு கைப்பிடி நரைமுடி தொட்டிக்குள் விழுந்தது.

அப்போதுதான் அந்தக் கூச்சல் கேட்டது. அக்டோபர் கூச்சலேதான். ஆனால் இந்த முறை ஐசக் பக்கத்தில்கூட இல்லை.

"வேணாம்! வேணாம்! வாலு!"

குளியலறைச் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தெருவில் டார்சி காரின் முன்னால் மண்டியிட்டு, சேறு இளகிய இணைப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். மாமனாருக்கு ஓர் உதவி என்று நினைத்துத்தான். மேலே கூடத்துச் சன்னலில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு ஹேசல் இரண்டு கைகளாலும் கண்ணாடியை அடித்து அழுதுகொண்டிருந்தாள்.

ஐசக் கோதுமை விலைகளை மறந்தார். படிகளில் இறங்கினார், கோட்டு இல்லை, பூட்ஸின் கயிறு கட்டவில்லை. வாசற்கதவைத் திறந்து, முப்பத்து மூன்று ஆண்டுக் கிரேடர் குரலில் ஒரே சத்தம் போட்டார்:

"டார்சி! விட்டுடு அதை!"

தெருவின் கடைசி வீட்டில் ஒரு நாய் குரைக்கத் தொடங்கியது. டார்சி கையிலிருந்ததை நெருப்பைத் தொட்டவன்போல் விட்டான். மேலே சன்னலில் அழுகை நின்றது. இவ்வளவு பெரிய சத்தம் தன் கட்சியில் இருக்கக்கூடும் என்று ஹேசல் எதிர்பார்த்திருக்கவில்லை.

இரண்டு நிமிடத்தில் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வலது இடது மாற்றிப்போட்ட பூட்ஸோடு வெளியே வந்தாள். ஐசக் நகராமல் காரின் முன்பக்கமே நின்றார். அவள் பின்பக்கம் போய்க் குந்தி, செம்புக் குஞ்சத்தைத் தொட்டாள்.

"ஆடல," என்றாள் அதிருப்தியோடு. அம்மாவிடம் சொல்லவில்லை; காரைத் தாண்டி அவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஐசக் ஒரு கணம்தான் யோசித்தார். பிறகு தன் அறுபத்தொன்பது வயதை அப்படியே சேற்றுத் தண்ணீரில் மல்லாத்தி, காருக்கடியில் கையை விட்டு, கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டார். பின்பக்கத்தில் வால் துள்ளியது.

சிரிப்புச் சத்தம் கேட்டது. "இன்னும்!"

இழுத்தார்.

"இன்னும்!"

"அப்பா, கீழ எல்லாம் ஈரம், எழுந்திரு," என்றாள் ஜிலியன்.

"நீ சும்மா இரு. வண்டி வேலை நடக்குது," என்றார் ஐசக், காருக்கடியிலிருந்து.

ஏழெட்டு முறை வால் ஆடியபின், அதை ஆட்டுவது யார் என்று பார்க்கும் ஆவல் ஹேசலுக்கு வந்தது. காரைப் பிடித்துப் பிடித்து முன்பக்கம் நடந்து வந்தாள். கீழே கிடந்த பெரிய முகத்துக்கு அருகில் குந்தினாள். பயப்படத்தான் வந்திருந்தாளோ என்னவோ, ஆனால் அந்த முகம் அவளைவிடத் தாழ்வாக இருந்தது. தாடி நனைந்து, ஒரு பக்கம் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் நுனி கூம்பி ஒட்டியிருந்தது. அவள் அந்த நீளமான பக்கத்தைப் பிடித்தாள்.

"இதும் வாலா?"

"ஆமா," என்றார் ஐசக். குரலை மெலிதாக்க அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அப்போது முடிந்திருக்காது. "இது ஓப்பாவோட வாலு."

அவள் இழுத்துப் பார்த்தாள். அவர் "உர்ர்ர்" என்று கிரேடர் இன்ஜின்போல் உறுமினார். ஹேசல் விழுந்து விழுந்து சிரித்தாள், மறுபடியும் இழுத்தாள், மறுபடியும் இன்ஜின் கிளம்பியது. ஜிலியன் கைப்பேசியை எடுத்தாள். இந்த முறை போட்டோ எடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை.

"அது என்ன சாப்பிடும்?" என்று ஹேசல் கார்மீது கை வைத்துக் கேட்டாள்.

"ட்ஸ்வீபாக்தான். வேற எதுவும் தொடாது."

வாசலுக்கு வந்திருந்த வெர்னா உள்ளே போய் ஒரு பன் எடுத்துவந்தாள். அதன் தலையைக் காரின் மூக்கில் திணித்தார்கள். உடம்பை ஹேசலும் ஓப்பாவும் பாதிப்பாதி தின்றார்கள்.

அன்று பகல் முழுவதும் அவள் அவருடைய தோளில்தான் இருந்தாள். குளியலறைக் கத்தரிக்கோலைத் தையல் பெட்டிக்குள் திருப்பி வைத்தது வெர்னா. "மீதியையும் வெட்டிச் சமமாவாவது ஆக்கிக்கோயேன்," என்றாள். ஹேசல் அதற்கு அனுமதி தரவில்லை.

திங்கட்கிழமை புறப்படும் நேரத்தில் ஐசக் காரைச் சுற்றிவந்தார். இந்த முறை தோளில் ஹேசலோடு. ஓட்டுநர் கதவு, பின்சக்கரம், பின்விளக்கு. அங்கே அவள் அவருடைய நெற்றியில் தட்டினாள்.

"வாலு கழட்டக்கூடாது."

"கழட்ட மாட்டேன்."

"வீட்டுல போயும்?"

"வீட்டுல போயும்."

சொன்னால் சொன்னதுதான். ஆனாலும் வெறும் செம்பைச் சாலையில் தேய்த்துக்கொண்டு போகும் ஆள் அல்ல அவர். டார்சியிடம் நாலு பிளாஸ்டிக் வார்கள் வாங்கி, கம்பியைக் காரின் வயிற்றோடு சேர்த்து, இழுத்தால் அசையும்படித் தளர்வாகக் கட்டினார். பின்பக்கம் தரையைத் தொடாமல் ஒரு முழம் மட்டும் தொங்கியது.

ஜிலியன் அவருடைய கன்னத்தில், தாடி குட்டையான பக்கத்தில், முத்தமிட்டாள்.

"பக்கத்துத் தெருக் காப்பகத்துக்கு நாளைக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்பா."

ஐசக் ஓட்டுநர் கதவைத் திறந்தார். "வெர்னா, ஏறு. ஒரு மணி நேரம் திருப்பிக் குடுக்கணும் எல்லையில."

தெருமுனை திரும்பியதும் வெர்னா சொன்னாள்: "சரி, சன்னல் மறைஞ்சிடுச்சு. நிறுத்திக் கழட்டு."

"வாக்கு குடுத்திருக்கேன்."

"ரெண்டரை வயசுக் குழந்தைக்கு! உன்னை வழியில நாலு பேர் பார்ப்பாங்க ஐசக். ஊருக்குள்ள ரூடி பார்ப்பான்."

"பார்க்கட்டுமே."

ஹானாவைத் தாண்டியதும் ஒரு டிரக் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு, ஹார்ன் அடித்துத் தாண்டிப் போனது. ஐசக் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினார். இந்த முறை ஹார்ன் எதற்கு என்று தெரிந்தே உயர்த்தினார்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. பிளக்கில் வால் மாட்டியிருந்ததால், ராத்திரி எழுந்து எழுந்து இன்ஜினை ஓட்டித்தான் அவர் சூடாக வைத்திருந்தார். ஐசக் காபிக்கடையின் முன்னால், சன்னலுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக் காரை நிறுத்தினார். கடைக்குள் ஐந்து கிழவர்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். அவர் கதவைத் திறந்தபோது ரூடி பென்னர் கையில் சுத்தியலோடு தயாராக இருந்தார். அவர் முகத்தில் ஒன்பது பிளக்குகளின் காத்திருப்பும் தெரிந்தது.

"எங்க பிளக்கு?"

"ஹானாவுக்கும் ட்ரம்ஹெல்லருக்கும் நடுவுல எங்கயோ கெடக்கு."

"கேல்கரி வரைக்குமா இழுத்துட்டுப் போன?" ரூடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் ஒரு தடவைகூட நம்ம தெருமுனையத் தாண்டினதில்லையேடா! அப்ப சுவத்துல எதை மாட்டறது?"

ஐசக் கோட்டுப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். ஜிலியன் அச்சடித்துக் கொடுத்தது. சேற்றில் மல்லாந்து கிடக்கும் ஒரு மனிதர். பக்கத்தில் குந்தியிருக்கும் ஒரு சின்னப் பெண். அவளுடைய கைப்பிடிக்குள் அவருடைய தாடி.

ரூடி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"கத்தறவ இவதானா?"

"இவதான். ஜூலையில வரா. மூணு வாரம்."

ரூடி சுவரில் ஓர் இடம் தேடினார். தன்னுடைய ஒன்பதில் ஒன்றைக் கழற்றி ஓரமாக மாட்டிவிட்டு, நடுவில் கிடைத்த இடத்தில் படத்தை வைத்து ஆணியடித்தார். "தாடி ஏண்டா ஒரு பக்கம் மேய்ஞ்ச மாதிரி இருக்கு?" என்று அவர் கேட்டு முடிக்குமுன் ஐசக்கின் கைப்பேசி அடித்தது.

திரை முழுக்க ஹேசலின் மூக்கு.

"ஓப்பா! வாலு காட்டு!"

"காட்டறேன், காட்டறேன், இரு!" கடைக்குள் கோப்பைகள் அதிர்ந்தன. ஐசக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். ஐந்து பேரும் கோட்டை மாட்டிக்கொண்டே பின்னால் வந்தார்கள். அவர் காரின் பின்பக்கம் நின்று கைப்பேசியைத் தாழ்த்திக் காட்டினார்.

"ஆடல," என்றது கைப்பேசி.

ஐசக் நிமிர்ந்து ரூடியைப் பார்த்தார். ரூடி மற்ற நால்வரையும் பார்த்தார். நால்வரும் அவரையே பார்த்தார்கள். ரூடி முணுமுணுத்துக்கொண்டே காரின் முன்பக்கம் போய், உறைபனியில் ஒரு முழங்கால், பிறகு இன்னொரு முழங்கால், பிறகு முழு உடம்பையும் கிடத்தி, அடியில் கையை விட்டு இழுத்தார்.

வால் துள்ளியது. கைப்பேசிக்குள் சிரிப்பு வெடித்தது.

"ரூடி!" என்று ஐசக் போட்ட சத்தம் கடைத்தெரு முழுக்கக் கேட்டது. "பாப்பா 'இன்னும்'ங்கறாடா! இன்னும்!"